இன்னொரு ஆறு வருஷம்

இருங்க மிஸ், ஓடாதீங்க. நீங்க படபடன்னு சொல்லிட்டுப் போயிடுறீங்க, என் மண்டையில ஏறணும் இல்ல? அவன் கடைசியா கடனுக்குக் காசு கட்டுன நாள்ல இருந்து ஆறு வருஷம். அதுக்குள்ள பேங்க் கேஸ் போடணும். போடலன்னா, அப்புறம் போட்டாலும் ஆறு வருஷம் ஓடிப்போச்சுன்னு நாம சொன்னா கேஸ் நிக்காது. அப்படித்தானே? இதுவரைக்கும் கேஸ் ஒண்ணும் போடலன்னு நீங்களே கம்ப்யூட்டர்ல தட்டிப் பாத்துச் சொல்லிட்டீங்க. சரி, இது வரைக்கும் புரிஞ்சுது.

தண்ணி வேணாம் மிஸ். கிள்ளான்ல இருந்து கேடிஎம் ரயில்ல நின்னுக்கிட்டே வந்தேன், இந்தப் படி வேற. உக்காந்தாலே போதும். சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸ்ல காசு வாங்காம சட்டம் சொல்றாங்கன்னு எங்க ஸ்கூல் கேண்டீன்ல என்கூட மீ நூடுல்ஸ் பெரட்டுற மார்க்கிரட்தான் சொன்னா. காசு வாங்காம எவன் சொல்லுவான், போடின்னேன். நீங்க நல்லாத்தான் சொல்றீங்க.

கடன் என்னுது இல்ல. மகனுது. யுகேந்திரன். வீட்டுல கூப்பிடுறது யுகேன். அவன் இப்ப எங்க இருக்கான்னு எனக்குத் தெரியாது மிஸ். இருங்க, அதுக்கு வரேன்.

ஷா ஆலம்ல ஃபேக்டரி சூப்பர்வைசர். நல்ல வேலைதான். ஒரு ஞாயித்துக்கிழமை பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு மால்ல சுத்தப் போயிருக்கான். அங்க மேசை போட்டு ஒரு பொண்ணு, சார் சார், கிரெடிட் கார்டு எடுங்க சார், லக்கேஜ் பேக் ஃப்ரீன்னு கூப்பிட்டிருக்கு. என் மகன அதுவரைக்கும் யாரும் சார்னு கூப்பிட்டதில்ல. கையெழுத்துப் போட்டுட்டான். செவப்பு பேக், சக்கரம் வச்சது. எங்கடா போகப்போற இத இழுத்துக்கிட்டுன்னு கேட்டேன். சிரிச்சான்.

ஆமா மிஸ், கண்டதெல்லாம் வாங்குனான், நான் மறைக்கல. ஃப்ரிட்ஜ் அதுலதான் வாங்குனான். மருமக ஷாமினிக்கு பிரசவம் தனியார் ஆஸ்பத்திரியில, அதுவும் அதுலதான். காருக்கு டயரு, குழந்தைக்குப் பால்மாவு. கேட்டா, மாசம் மினிமம் கட்டுனா போதும்மா, பேங்க்ல ஒண்ணும் சொல்லமாட்டாங்கம்பான். ஏன் சொல்லப்போறான்? அவனுக்கு அதுதானே வேணும்! நானூறு வெள்ளி கட்டுனா நூத்தி இருபது வட்டிக்கே போயிடுது. மிச்சம் கொஞ்சம் எறங்குதா, அந்த எடத்துல மறுபடி எதையாவது வாங்குவான். ஓட்ட வாளியில தண்ணி புடிச்ச கதைதான். அப்புறம் கோவிட் வந்துச்சு, ஓவர்டைம் நின்னு போச்சு. கார்டுலயே காசு உருவி கார் லோன் கட்டுனான். என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல லா. சொல்லியிருந்தா என் சங்கிலிய வித்திருப்பேன். இன்னமும் கழுத்துலதான் கெடக்கு பாருங்க, எதுக்குன்னு தெரியல.

ஒரு நாள் காலையில அந்த செவப்பு பேக்க இழுத்துக்கிட்டு நிக்கிறான். ஜொகூர்ல வேல இருக்காம், பாத்துட்டு வரேன்னான். பசியாறிட்டுப் போடான்னேன். நேரமாச்சுன்னான். செருப்ப மாட்டிக்கிட்டே, அம்மா, இந்த மாசம் மினிமம் கட்டிட்டேன், யாரும் போன் பண்ணமாட்டாங்க, பயப்படாதன்னான். அதான் மிஸ் அவன் கடைசியா கட்டுனது. அதான் என்கிட்ட கடைசியா பேசுனதும். நீங்க சொல்ற ஆறு வருஷம் அன்னியிலேர்ந்துதான் ஓடுது.

ம்? அழுவல மிஸ். கண்ணுல தண்ணி வரும், அது பாட்டுக்கு வரும்.

அடுத்த மாசமே பேங்க் ஆளுங்க ஆரம்பிச்சுட்டானுங்க. ஒருத்தன் எங்க கேட்டுல யுகேன் பேர் போட்டுப் பேப்பர் ஒட்டிட்டுப் போனான், பக்கத்து வீட்டு நாகையா வந்து கண்ணாடி போட்டுக்கிட்டுப் படிக்கிறாரு. ஒருத்தி ஸ்கூலுக்கே போன் போட்டு ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட சொல்லிட்டா. இன்னொருத்தன் ஃப்ரிட்ஜ தூக்கிட்டுப் போயிடுவேன்னான். வாடா, வந்து தூக்குடா, உள்ள இருக்கிற மீனோட சேத்துத் தூக்குடான்னு கத்துனேன். அது தப்புன்னு இப்ப நீங்க சொல்றீங்க. அடுத்தவங்ககிட்ட சொல்லி அசிங்கப்படுத்தக் கூடாது, மிரட்டக் கூடாது, கோர்ட்டு உத்தரவு இல்லாம ஒரு கரண்டியக்கூட எடுக்க முடியாது. நான் எங்கயும் கையெழுத்துப் போடல, அதனால பெத்தவளா இருந்தாலும் என்னையக் கேக்க முடியாது. இதெல்லாம் அப்ப எவன் வந்து சொன்னான் எனக்கு?

போலீஸ்ல ரிப்போர்ட் கொடுத்தேன் மிஸ். கொடுக்காம இருப்பேனா? பேக் எடுத்துட்டுப் போனானா, கடன் இருக்கான்னு கேட்டாங்க. ஆமான்னேன். அவ்வளவுதான், பேனாவ மூடிட்டாரு. சபார் லா மாக்சிக், பொறுமையா இரும்மா, காசு கிடைச்சா வந்துடுவான்னாரு. அப்புறம் போனா அந்த ஆளு மாறிட்டாரு. அதுக்கப்புறம் போனா, எந்த ரிப்போர்ட்டுன்னு கேக்குறாங்க. பொறுமையா இருந்து இருந்து எனக்கு சர்க்கரைதான் வந்துச்சு.

அப்புறம் பேங்க்ல கடன வசூல் பண்ணச் சொல்லி வேற ஒரு கம்பெனிகிட்ட குடுத்துட்டாங்க. அதுல வாசுன்னு ஒரு பையன், நம்ம தமிழ்ப் பையன்தான். வணக்கம் ஆன்டி, சாப்பிட்டீங்களான்னு ஆரம்பிச்சான். ஒங்கப்பன் சோறு போட்டானான்னு திட்டி வச்சுட்டேன். மறுபடி கூப்பிட்டான். அதுக்கும் திட்டுனேன். விடல. போலீஸ் என்கிட்ட ரெண்டு கேள்விதான் கேட்டுச்சு மிஸ். இவன், யுகேன் கூட்டாளி யாரு, எந்தக் கோயிலுக்குப் போவான், எந்தக் கடையில சாப்பிடுவான், காரு நம்பரு என்ன, எல்லாம் கேட்டான். அவனுக்குக் கமிஷன், எனக்குத் தெரியாதா? இருந்தாலும் என் மகனப் பத்தி இவ்வளவு கேட்டவன் வேற எவனும் இல்ல.

ஒரு வாட்டி கூப்பிட்டு, ஆன்டி, செலாயாங் பாசார்ல லோரியில காய்கறி மூட்டை ஏத்துறவங்கள்ல ஒருத்தர் உங்க மகன் மாதிரி இருக்காராம், எங்க ஆளு போய்ப் பாக்கப் போறாருன்னான். அவன் ஆளு போறதுக்கு முன்ன நான் போயிட்டேன். விடியக்காலையில மார்க்கிரட் புருஷன் காருல கொண்டு விட்டாரு. கோஸ் மூட்டைக்கு நடுவுல ஒரு முதுகு தெரிஞ்சுது மிஸ், அப்படியே அவன் முதுகு. ஓடிப்போய் சட்டையப் புடிச்சு இழுத்துட்டேன். பங்களாதேஷ் பையன். பயந்துட்டான் பாவம். எனக்கு உக்கார ஸ்டூல் கொடுத்து, தே ஓ, அதான் பால் இல்லாத டீ, வாங்கிக் கொடுத்தான்.

ஷாமினியா? அவ பிள்ளையத் தூக்கிக்கிட்டு சுபாங் ஜெயாவுல அம்மா வீட்டுக்குப் போயிட்டா. சின்னப் பொண்ணு, குத்தம் சொல்லமாட்டேன். ஏழு வருஷம் தகவல் இல்லன்னா செத்தவன்னு கோர்ட்டுல எழுதிக்கலாமாம், யாரோ சொல்லிக் கொடுத்திருக்காங்க. அத வாய் கூசாம என்கிட்டயே சொல்றா மிஸ்.

போன மாசம் வாசு கூப்பிட்டான். ஆன்டி, உங்களுக்கு நல்ல செய்தி, அக்டோபரோட ஆறு வருஷம் முடியுது, அதுக்கப்புறம் எங்க ஆபீஸ்ல இந்த ஃபைல மூடிடுவாங்க, நான் இனிமே உங்கள தொந்தரவு பண்ணமாட்டேன், நிம்மதியா தூங்குங்கன்னான். நல்ல பையன். நான் போன வச்சுட்டு அப்படியே உக்காந்துட்டேன். அடுப்புல சோறு அடிப்புடிச்சு வீடெல்லாம் பொகை.

அதான் கேக்க வந்தேன். அந்த ஆறு வருஷம் எதனால மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பிக்கும்னு சொன்னீங்களே, அத ஒருக்கா சொல்லுங்க. கடன் இருக்குதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா. சரி. இல்லன்னா கொஞ்சமா காசு கட்டுனா. எவ்வளவு? எவ்வளவா இருந்தாலுமா? இருபத்தேழாயிரத்துல அம்பது வெள்ளி கட்டுனாலும் மறுபடி புதுசா ஆறு வருஷமா?

புரியுது மிஸ், நல்லாவே புரியுது. கட்டக்கூடாதுன்னு நாலு வாட்டி சொல்லிட்டீங்க.

இந்தாங்க, இதப் பாருங்க. பழைய பேங்க் லெட்டரு, அவன் கார்டு நம்பரு இதுல இருக்கு. இந்தா அம்பது வெள்ளி. கீழ படியோரமா காசு போடுற மெஷின் ஒண்ணு பாத்தேன். எனக்கு அதுல நம்பர் அடிக்கத் தெரியாது.

நில்லுங்க, கோபப்படாதீங்க. அவனே கட்டுனாத்தான் சட்டப்படி கணக்கா? நான் போட்டா செல்லாதா? மெஷினுக்கு அம்மா கை, மகன் கைன்னு தெரியுமா மிஸ்? கணக்குல காசு விழுந்தா வாசு ஆபீஸ்ல என்ன நெனப்பாங்க? ஆளு எங்கயோ இருக்கான், கையில காசு இருக்குன்னுதானே நெனப்பாங்க? விடமாட்டாங்க இல்ல?

அவன் திரும்பி வந்தா கேஸ்ல மாட்டுவான், தெரியும். வரட்டும். வந்து, ஏன்மா இப்படிப் பண்ணுனன்னு என்னையத் திட்டட்டும். சங்கிலிய வித்துக் கட்டிக்கிறேன்.

போலீஸ் விட்டுட்டாங்க. பொண்டாட்டி விட்டுட்டா. எங்க போய்த் தேடுறதுன்னு எனக்கும் தெரியல. என் பிள்ளைய இன்னமும் தேடிக்கிட்டு இருக்கிறது அந்த பேங்க் மட்டுந்தான் மிஸ்.

எந்திரிங்க, கீழ போவோம். நீங்க நம்பர மட்டும் அடிச்சுக் கொடுங்க, காச நான் போட்டுக்கிறேன்.