திரைக்குப் பின்னால் இருந்தவள்

மாலை மன்றத்திற்கு மாண்பு சேர்க்கும் தலைவர் அவர்களே! சொல்லறிந்த சான்றோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு அரங்கை நிறைத்திருக்கும் அன்னையர்களே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

ரயில் நிலையத்தில் "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று அன்றாடம் அழைக்கிறதே ஒரு குரல், அது நான்தான். சிரிக்கிறீர்களா? இன்று எந்த வண்டியும் தாமதமில்லை, நிம்மதியாக உட்காருங்கள்!

இன்று வெளியாகும் என் நாவல், முகலாய அரண்மனையில் நடப்பதாக நான் கற்பனை செய்த காதல் கதை. இளவரசியை ஓவியமாகத் தீட்ட வேண்டும்; ஆனால் ஓவியன் அவளைப் பார்க்கக் கூடாது. ஆகவே திரைக்குப் பின்னால் ஒரு பணிப்பெண் நின்று, இளவரசியின் புருவத்தை, புன்னகையைச் சொல்லச் சொல்ல அவன் தீட்டுகிறான். தீட்டியது இளவரசியை. காதலித்தது யாரை? சொன்ன குரலை!

இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்பதுபோல் தலைவருக்குப் பக்கத்தில் அமர்ந்திருக்கிறாரே பதிப்பாளர், அவர் என் கைப்பிரதியைப் புரட்டிவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? "ஏம்மா, இளவரசி குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது வேலைக்காரிக்கு எதுக்கும்மா காதல்? மாத்திட்டு வா, போடலாம். இல்லேன்னா ஆள விடு."

வண்டிக்கும் வண்டிக்கும் இடையே வாய்த்த நேரத்தில் எழுதியது. அச்சேறாவிட்டால் பரணேறும். அதற்காக மாற்றலாமா? மகுடம் இருந்தால்தான் மனமா? மாளிகை இருந்தால்தான் மையலா? "மாட்டேன் ஐயா" என்று கைப்பிரதியை அவர் வீட்டு மேசையிலேயே போட்டுவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து அழுததை மறைப்பானேன்?

அந்த வாரம் ஐயாவுக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை. கட்டுப் போட்டுக் கிடந்தவருக்குப் பொழுது போகவில்லை. அவர் மனைவி என் கைப்பிரதியை எடுத்து உரக்கப் படித்திருக்கிறார். கடைசி அத்தியாயத்தில், ஓவியன் திரையைப் பார்த்துக் கேட்கிறான்: "இளவரசி எப்படி இருப்பாள் என்று இத்தனை நாள் சொன்னாயே, நீ எப்படி இருப்பாய்?"

பணிப்பெண்ணுக்கு வாய் எழவில்லை. அவளிடம் யாரும் அதைக் கேட்டதேயில்லை.

அங்கே அந்த அம்மாவின் குரலும் நின்றுவிட்டதாம்.

"என்ன நிறுத்திட்டே? மேல படி. அட, அழறியா? என்னாச்சு?"

"ஒண்ணுமில்லீங்க. நீ எப்படி இருக்கேன்னு நீங்க என்னைக் கேட்டு ரொம்பக் காலமாச்சு."

மறுநாள் ஐயாவிடமிருந்து எனக்குத் தொலைபேசி வந்தது. "இளவரசி கிடக்கட்டும்மா. அந்தப் பொண்ணைப் பத்தி ஒரு எழுத்தையும் மாத்திடாதே!"

பெரியோர்களே! வரலாறு வாளை எழுதும், வாகையை எழுதும், வம்சத்தை எழுதும். வாசலில் நின்றவளை யார் எழுதுவது? வரலாறு மறந்தவளை நாவல் நினைக்கட்டும்! கோட்டை மறைத்தவளைக் கதை காட்டட்டும்!

முதல் பிரதியைப் பெறப் பெரியவர் ஒருவர் பெயரை அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். அவர் என்னை மன்னிக்கட்டும். மூன்றாம் வரிசையில், தூணோரம், வாயைப் பொத்திக்கொண்டு தலைகுனிகிறாரே, அந்த அம்மா பெறட்டும். பதிப்பாளர் ஐயா, ஆள் அனுப்பாதீர்கள், நீங்களே போய் அழைத்து வாருங்கள்.

போகிறார். வழிவிடுங்கள் ஐயா! அருகில் குனிந்து ஏதோ கேட்கிறார். ஒலிபெருக்கிக்கு அது எட்டவில்லை, எட்டவும் வேண்டாம். அம்மா பதில் சொல்கிறார். சொல்லி முடிக்கட்டும், அவசரப்படுத்தாதீர்கள்.

இவ்வளவு நேரம் காது கொடுத்த உங்களுக்கு நன்றி. இனி நான் பேசக் கூடாது. வணக்கம்.