பத்துக்கு மேல்

பான்கேக்கில் சிரப்பை நான் மேலே ஊற்றுவதில்லை, தட்டின் ஓரத்தில்தான் ஊற்றுவேன். மேலே ஊற்றினால் ஊறிப் போய்க் கொழகொழவென்று ஆகிவிடும். ஹாரோ கவுண்டியில் இவ்வளவு சாதாரண விஷயம்கூட ஒருவனுக்கும் தெரியாது. தீயணைப்பு நிலையத்தில் ஒவ்வொரு வசந்தத்திலும் ஊரே கூடிக் காலை விருந்து சாப்பிடுமே, அங்கே வந்து பாருங்கள், மேடம். அத்தனை தட்டும் சிரப்புக் குட்டையாகக் கிடக்கும்.

ஆரின் டாக்கெட் செத்தது தவறுதலா, இல்லையா என்பதுதானே விசாரிக்க வந்த உங்களுக்குத் தெரிய வேண்டும். பயத்தில் சுட்டேன் என்று சொல்லச் சொன்னார் எங்கள் போலீஸ் சங்கத்து வக்கீல். அவரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். எனக்குப் பொய் சொல்லி வழக்கமில்லை. ஆனால் அந்தக் காலை விருந்திலிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்குப் புரியும்.

துப்பாக்கியில் செருகுகிற, பத்துத் தோட்டாவுக்கு மேல் பிடிக்கிற மேகசின்களுக்கு மாநிலத்தில் தடை வந்ததல்லவா, எங்கள் ஷெரிஃப் டுவைட் க்ரூம் மறுநாளே நீதிமன்றப் படிக்கட்டில் ஏறி நின்றார். "சட்டம் போட்டவன் தலைநகரத்துல உக்காந்திருக்கான். அவனே வந்து வீடு வீடா எண்ணிக்கட்டும். என் பசங்க எவன் வீட்டுத் தோட்டாவையும் எண்ண மாட்டாங்க" என்றார். ஊர் கைதட்டியது. அவருக்குப் பின்னால் சீருடையில் நின்றிருந்த துணை ஷெரிஃப்களில் நானும் ஒருவன். நான் கைதட்டவில்லை. அதை யாரும் கவனிக்கவுமில்லை.

இந்தத் தடையைப் போலீஸ் எப்படித்தான் அமல்படுத்தப் போகிறது என்று டிவியில் ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்டார்களே தவிர யாரும் யோசிக்கவில்லை. நான் யோசித்தேன். முன்பே வாங்கியதை வீட்டில் வைத்துக்கொள்ளலாம், புதிதாக வாங்கினால்தான் குற்றம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் பிளாஸ்டிக்கை வார்க்கும்போதே அதில் ஒரு சின்ன வட்டம் பதிந்துவிடும். எந்த வருடம், எந்த மாதம் செய்தது என்று அந்த வட்டம் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் போதும். வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்ட வேண்டாம். சனிக்கிழமை காலையில் ஊர் ஜனம் சுட்டுப் பழகப் போகிற பழைய கல்குவாரியின் வாசலில் நின்றால் போதும்.

நின்றேன். சொந்தக் காசில் வாங்கிய பூதக்கண்ணாடியோடு நின்றேன். முதலில் வந்தவர் ஆரின் டாக்கெட். மர அறுப்பு ஆலையில் காலமெல்லாம் உழைத்து ஓய்வு பெற்றவர். அந்த இரைச்சலில் காது போய்விட்டதால் எதைப் பேசினாலும் ஊருக்கே கேட்கிற மாதிரிதான் பேசுவார்.

"என்னப்பா கிளைட், கைரேகை பாக்குறியா? எனக்கு ரெண்டாம் கல்யாணம் இருக்கான்னு பாத்துச் சொல்லு. வீட்டுக்காரி வெர்லீன் காதுல விழாம மெதுவா சொல்லு" என்றார். பின்னால் வரிசையில் நின்ற வண்டிகளிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது.

அவர் மேகசின் புதிது. முப்பது தோட்டா பிடிப்பது. ஆற்றைத் தாண்டினால் ஐடஹோ, அங்கே தடை கிடையாது, பாதி ஊர் அங்கே போய்த்தான் வாங்கிக்கொண்டு வந்தது. நான் அதைப் பறிமுதல் செய்தேன். இந்தக் கவுண்டியில் அந்தச் சட்டத்தின்படி நடந்த ஒரே பறிமுதல் அதுதான்.

மறுநாள் காலை விருந்து. நான் தட்டோடு உட்கார்ந்திருந்தேன். ஷெரிஃப் என் பேரைச் சொல்லி அடுப்புக்குப் பக்கத்தில் கூப்பிட்டார். அந்த மேகசினை என் கையில் கொடுத்தார். "மன்னிப்புக் கேட்டுட்டுத் திருப்பிக் குடு கிளைட். நம்ம ஊர்க்காரங்கள நாமளே அசிங்கப்படுத்தக் கூடாது" என்றார். அத்தனை பேருக்கு முன்னால் நான் மன்னிப்புக் கேட்டேன். ஆரினுக்குச் சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு முறை உரக்கக் கேட்க வேண்டியிருந்தது.

அவர் அதை வாங்கிக்கொண்டு என் தட்டை எட்டிப் பார்த்தார். "ஷெரிஃப், இவன் தட்டுல ஒரு கண்ணு வச்சுக்கோங்க. பான்கேக்கு பத்துக்கு மேல போயிறப் போகுது."

கூடம் வயிறு குலுங்கச் சிரித்தது. கரண்டியோடு நின்ற தீயணைப்புக்காரன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். யாரோ, "அவன் மறுபடி எடுக்க வந்தா என்ன பண்ணுவீங்க ஆரின்?" என்று கத்தினார்கள்.

"வரட்டுமே. வர்றவன் சவப்பெட்டியையும் கையோட கொண்டாந்துரட்டும். என் வண்டில இடமில்லப்பா, நிறைய விறகு கிடக்கு" என்றார். பிறகு என் தோளில் தட்டினார். தன் தட்டிலிருந்து ஒரு சாஸேஜை எடுத்து என் தட்டில் வைத்தார். வைத்த இடம் சிரப்பு.

அன்றிலிருந்து என் பேர் பத்து. ஆரின் வைத்த பேர் அது. பெட்ரோல் பங்க் பெண் டோனட் பையை நீட்டி, "ஒம்பதுதான் போட்டிருக்கேன் பத்து சார். நம்ம கடைல சட்டப்படிதான் வியாபாரம்" என்பாள். என் வண்டி போனால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டு கையையும் விரித்துப் பத்து விரலையும் காட்டுவார்கள். ஷெரிஃபே ஒரு நாள் எல்லார் முன்னாலும், "பத்து, அந்தச் சாவியக் கொஞ்சம் எடு" என்றார். நான் கோபப்படவில்லை. கேலிக்குக் கோபப்படுகிறவன் இந்த வேலைக்கு லாயக்கில்லை. இதையும் குறித்துக்கொள்ளுங்கள், மேடம். பின்னால் நடந்ததற்கும் இந்தக் கேலிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

நான் செய்தது இவ்வளவுதான். அந்தத் தடையிலிருந்து போலீஸுக்கு விலக்கு உண்டு. என் கைத்துப்பாக்கியில் பதினேழு தோட்டா பிடிக்கும். விருந்துக்கு மறுநாளிலிருந்து பத்துதான் போட்டேன். ஊருக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டம் என்று இருக்கக் கூடாது. நம்பாதவர்களுக்குக் கழற்றியும் காட்டினேன். உணவகத்தில் ஒரு முறை மேஜை மேலேயே அடுக்கிக் காட்டினேன். அதற்கும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். ஒரு வருடம் பத்தோடுதான் ரோந்து போனேன்.

அதற்குப் பிறகு மாநிலப் போலீஸிடம் போனேன். எங்கள் ஷெரிஃப் கண்ணை மூடிக்கொண்டால் சட்டமும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டுமா என்ன. ஆரின் டாக்கெட்டிடம் தடைக்குப் பிறகு செய்த மேகசினை என் கண்ணால் பார்த்தேன் என்று வாக்குமூலம் கொடுத்தேன். அது உண்மை. எடுக்க வருகிறவன் சவப்பெட்டியோடு வரட்டும் என்று அவர் சொன்னதைச் சொன்னேன். அதுவும் உண்மை, ஒரு கூடமே சாட்சி. கூடம் சிரித்ததை நான் சொல்லவில்லை. சிரித்தார்களா என்று அவர்களும் கேட்கவில்லை.

மிரட்டல் என்றதும் அவர்கள் விடியற்காலைச் சோதனைக்கு ஏற்பாடு செய்தார்கள். கவசம், கதவை உடைக்கிற இரும்பு உலக்கை, எல்லாம். வீட்டின் உள்ளமைப்பு எனக்குத் தெரியும் என்பதால் வழிகாட்டியாக என்னையும் கூப்பிட்டார்கள். கிளம்பும் முன் அவர்களுடைய லெஃப்டினன்ட், கவனமான மனிதர், என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"ஆளுக்கு வயசாயிருச்சே, காது நல்லாக் கேக்குமா?"

"அவருக்கு வேணும்னா எல்லாம் கேக்கும்" என்றேன். அவர் சிரித்துவிட்டுத் தலையாட்டினார். அந்த ஒரு தடவைதான் என் பேச்சுக்கு ஒருவர் சிரித்தது.

அந்த வீட்டின் உள்ளமைப்பு எனக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கவில்லை. சொல்லிவிடுகிறேன். முந்தைய குளிர்காலத்தில் அவர்கள் வீட்டுப் புகை எச்சரிக்கை மணி விடாமல் அடித்து, அக்கம்பக்கத்தார் கூப்பிட்டு நான் போனேன். அடுப்பில் கரிந்த சட்டி, வேறொன்றுமில்லை. அந்தக் களேபரத்திலும் ஆரின் படுக்கையறையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவி வெர்லீன் எனக்குக் காப்பி கொடுத்துக்கொண்டே சொன்னார். "ராத்திரி ரெண்டு காது மிஷினையும் கழட்டி அந்தச் சாசர்ல வச்சிருவாரு கிளைட். அப்புறம் கூரையே இடிஞ்சு விழுந்தாலும் தெரியாது. காலைல கண்ணு முழிச்சதும் கை முதல்ல அந்தச் சாசருக்குத்தான் போகும், எனக்கு ஒரு குட் மார்னிங்கூடக் கிடையாது." கட்டிலை ஒட்டிய சின்ன மேஜையில் அந்த நீலச் சாசரை எனக்குக் காட்டவும் காட்டினார். அருமையான காப்பி அது.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரிந்ததுதான். அவர்கள் முறைப்படி கத்தினார்கள். போலீஸ், கதவைத் திற என்று கத்தினார்கள். வெர்லீன் வந்து திறப்பதற்குள் கதவு விழுந்துவிட்டது. வீட்டு நடையிலேயே அவரைச் சுவரோடு பிடித்து நிறுத்தினார்கள். படுக்கையறை எது என்று தெரிந்தவன் என்பதால் நான் முன்னால் போனேன். வெர்லீன் என் பேரைச் சொல்லிக் கத்தினார். "கிளைட், அவருக்குக் காது கேக்காது. உங்களுக்குத் தெரியுமே கிளைட். அவருக்குக் காது கேக்காது." பின்னால் இருந்தவர்களுக்கு எவ்வளவு கேட்டதோ, எனக்குத் தெளிவாகக் கேட்டது.

விளக்கொளி முகத்தில் பட்டதும் ஆரின் எழுந்து உட்கார்ந்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். என்னை அடையாளம் தெரிந்ததா, தெரியவில்லையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கை சாசருக்குப் போனது. நான் சுட்டேன்.

அந்த மேகசினைப் பற்றி நேற்று கேட்டீர்கள். வீடு முழுக்கச் சல்லடை போட்டுத் தேடியும் பழையவைதான் கிடைத்தன, தடைக்குப் பிறகு செய்தது ஒன்றுகூட இல்லை என்றீர்கள். என் முகத்தையே பார்த்தீர்கள். ஆமாம், எனக்குத் தெரியும். காலை விருந்து முடிந்த அந்த வாரமே வெர்லீன் பெட்ரோல் பங்கில் என் வண்டி ஜன்னலுக்கு வந்து குனிந்து நின்றார். "அந்தச் சனியன ஐடஹோ கடைலயே திருப்பிக் குடுத்துட்டாரு கிளைட். பதிலுக்கு ஒரு மீன் தூண்டில் வாங்கிட்டு வந்திருக்காரு. கிளைட் சொன்னது சட்டப்படி சரிதானேன்னு என்கிட்ட சொன்னாரு. உங்ககிட்ட நேர்ல வந்து சொல்ல அவருக்குக் கூச்சம். எதையும் மனசுல வச்சுக்காதீங்க" என்றார். நான் தொப்பியைத் தொட்டு நன்றி சொன்னேன்.

அதை வாக்குமூலத்தில் ஏன் சொல்லவில்லை என்கிறீர்கள். பெட்ரோல் போடும்போது ஒரு மனைவி தன் புருஷனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொன்னால் அது சாட்சியம் ஆகாது. இந்தத் தொழிலில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஊரில் ஒருத்தன் திருந்தினான், அதுவும் நான் சொன்னதால் திருந்தினான் என்றால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அவர் அந்தக் கூடத்தில் எழுந்து நின்று அதைச் சொல்லவில்லை. எனக்கு அந்தப் பேரை வைத்தது கூடத்தில். திருப்பிக் கொடுத்தது ரகசியமாக.

இனி அந்தக் காலித் தோட்டா உறைகளுக்கு வருகிறேன். அந்த அறையின் தரையில் பதினேழு பொறுக்கினீர்கள். பதினேழும் என் துப்பாக்கியுடையவை. ஒரு வருடமாக ஊருக்கெல்லாம் கழற்றிக் காட்டிக்கொண்டிருந்தவன், பத்துக்கு மேல் போடவே மாட்டேன் என்றவன், அன்று காலையில் மட்டும் ஏன் முழுசாக நிரப்பிக்கொண்டு வந்தான் என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. நான் பத்தோடு வந்திருந்தால் உங்களிடம் கேட்பதற்கு ஒன்றும் இருந்திருக்காது. இருட்டு, ஒரு கை அசைவு, பயந்துபோன போலீஸ்காரன் என்று எழுதி மூடியிருப்பீர்கள். பத்தாவதற்கு முன்னாலேயே அவர் கட்டிலிலிருந்து சரிந்துவிட்டார், லெஃப்டினன்ட் நிறுத்து நிறுத்து என்று கத்திக்கொண்டிருந்தார். முதல் பத்துக்குப் பயம் என்று பேர் வைக்கலாம் என்றார் வக்கீல். மிச்சம் ஏழுக்கு அவரிடம் பேர் இல்லை.

முந்தின நாள் சாயங்காலம் சமையலறை மேஜையில் உட்கார்ந்து நிரப்பினேன். வெளியே இன்னும் வெயில் இருந்தது. ரேடியோவில் பேஸ்பால் ஓடிக்கொண்டிருந்தது. பத்து வரை கை பழக்கத்தில் போய்விட்டது. பதினொன்றாவதை உள்ளே அழுத்தும்போது ஸ்பிரிங் கொஞ்சம் முரண்டு பிடித்தது. ஒரு வருடம் முழுசாக அழுத்தாத ஸ்பிரிங் அல்லவா. கட்டை விரலால் நன்றாக அழுத்தி மிச்சத்தையும் போட்டேன். அப்போதே தெரியும் எனக்கு, எல்லாவற்றையும் செலவழிப்பேன் என்று. ஆரின் டாக்கெட்டைக் கொல்லத்தான் போனேன். கொன்றேன். தவறுதல் இல்லை. எழுதிக்கொள்ளுங்கள், நிதானமாக எழுதுங்கள், எனக்கு அவசரமில்லை.

அந்தக் கவுண்டியில் சட்டத்தை மதித்தவன் நான் ஒருவன்தான். அதை நான் கடைசி வரை சொல்வேன். கேலி, சிரிப்பு, அதெல்லாம் சின்னப் பிள்ளைத்தனம், அதை நான் அன்றைக்கே மறந்துவிட்டேன்.

நீங்கள் என்னைக் கைது செய்வதற்கு முன் ஒரு வாரம் சம்பளத்தோடு வீட்டில் இருக்கச் சொல்லியிருந்தார்களே, அப்போது தினமும் பெட்ரோல் பங்குக்கு நடந்து போய் வந்தேன். அந்தப் பெண் என் முகத்தைப் பார்க்காமல் டோனட்டைப் பையில் போட்டாள். எத்தனை என்று எண்ணவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்னைக் கண்டதும் கைகளைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்கள். ஷெரிஃப் போனில் பேசும்போது என் குடும்பப் பேரைச் சொல்லி மிஸ்டர் வோஸ்பர்க் என்றார். ஒருவர்கூட, மேடம், அந்த வாரம் முழுக்க ஒருவர்கூட என்னைப் பத்து என்று கூப்பிடவில்லை.