எறா வறுவலும் ஆட்டோ பைலட்டும்

செல்வராஜ்: "9-3-1976. இன்று பம்பாயிலிருந்து விமானம் ஓட்டி வரும்போது ஒரு சிறிய தவறு செய்தேன். கையில் எண்ணெய்..."

சொர்ணம்: டேய் தம்பி, டைரி படிக்கறத நிறுத்து. எண்ணெயா? பின் சீட்லேருந்து நான் குடுத்தனுப்புன எறா வறுவலா?

செல்வராஜ்: அதேதான்க்கா. ரெண்டு கையாலயும் பொட்டலத்தைப் புடிச்சுக்கினு...

சொர்ணம்: அப்ப பிளேனை யாரு புடிச்சுக்கினு இருந்தது?

செல்வராஜ்: ஆட்டோ பைலட். தானா ஓட்டற மிஷின்.

சொர்ணம்: ஒரு எடத்துல பொத்துனு எறங்குச்சே... காத்துன்னு மைக்குல சொன்னியே?

செல்வராஜ்: காத்து இல்ல... மிஷின் கைய வுட்டுடுச்சு.

சொர்ணம்: அடப்பாவி!

செல்வராஜ்: கட்டுமரத்துல பின்னால ஒருத்தன் தம் கட்டித் துடுப்பை அழுத்திக்கினு கீறான். மரம் நேராப் போவுதேன்னு நீ முன்னால குந்தி எறா துன்ற. அவன் சொல்லாம கைய எடுத்தா?

சொர்ணம்: வெடுக்குனு திரும்பிக்கும்.

செல்வராஜ்: அதான். மிஷின் அவ்ளோ நேரம் பிளேன் மூக்கைத் தூக்கிப் புடிச்சிருக்கு. நான் கவனிக்கல. வுட்டதும் மூக்கு கவுந்துச்சு.

சொர்ணம்: பக்கத்துல கேப்டன் ஐயா?

செல்வராஜ்: "கையத் தொடைச்சுட்டு நீயே ஓட்டு"ன்னாரு. பயந்து இழுத்தா இன்னும் பேஜாரு. மெல்லத் தூக்கினேன். மெட்ராஸ் வரைக்கும் மிஷின் இல்ல, என் கைதான்.

சொர்ணம்: எதுல தொடைச்ச?

செல்வராஜ்: ...வெள்ளைச் சட்டையில.

சொர்ணம்: அதான் அந்த மஞ்சக் கறையா!

செல்வராஜ்: சிரிக்காதக்கா. அடுத்த வாரம் கேப்டன் பரீட்சை. பரீட்சை வெக்கிற அதிகாரி இதைக் கேட்டா வுடுவாரா?

சொர்ணம்: யாரு... வழுக்கை, காதுல முடி, அவரா?

செல்வராஜ்: உனக்கு எப்டித் தெரியும்?

சொர்ணம்: என் பக்கத்து சீட்டு. குலுங்கினப்ப என் காப்பி அவரு பேண்ட்டுல.

செல்வராஜ்: அய்யோ! எதுனா பேசினியா?

சொர்ணம்: பேசாம? "என் தம்பிதான் ஓட்டறான், அவனுக்கு வேலையே கெடையாது, மிஷினே ஓட்டும்"னேன்.

செல்வராஜ்: போச்சு!

சொர்ணம்: கேளுடா. எறங்கினதும், "மிஷின் அப்பவே போச்சும்மா. இங்க அடிக்கற காத்துல அலுங்காம இறக்கினது உன் தம்பி கைதான்"னாரு. "ஆனா குலுங்கினது ஏன்னு அவனா வாயத் தெறந்து சொல்றானா பாரு"ன்னாரு.

செல்வராஜ்: அப்ப இவ்ளோ நேரம் தெரிஞ்சேதான் கேட்டுக்கினு இருந்தியா?

சொர்ணம்: எழுதிக்கோ. நாளைக்கு நம்மூரு கடப்பாக்கத்துலேருந்து மொத பஸ்ஸைப் புடிச்சு மீனம்பாக்கம் போவணும். அவருகிட்ட இதையே சொல்லணும். கைய சோப்புப் போட்டுக் கழுவிட்டு வரச் சொன்னாரு... மீதி எறாவையும் எடுத்தாரச் சொன்னாரு.