உண்ணி செய்த வேலை

சேந்தமங்கலத்திலிருந்து மலையேறும் பேருந்தில், முன் இருக்கைப் பெண் சட்டென்று சொன்னாள்: "சாமி குத்தமே இல்லீங்க்கா. எல்லாம் உண்ணி பண்ணுன வேலை." ஜன்னலோரம் அவள் கணவர் கண்மூடிச் சாய்ந்திருந்தார். இந்தப் பக்கம் அவர்கள் ஊர்க்காரப் பெண்.

"ஆட்டு உண்ணியா?"

"ஆமாங்க. பட்டியில கடிச்சிருக்குது. அதுல இருந்து அவருக்கு ஆட்டுக்கறி சேரலையாம். மத்தியானம் தின்னா, பொழுது சாய ஒடம்பெல்லாம் தடிச்சு வயித்தப் பெரட்டுது."

"அப்ப, போன மாசம் கோயில்ல கெடா வெட்டுனது?"

"குத்தம் தீரட்டும்னுதான் வெட்டுனோம். அந்தக் கறியையுந் தின்னாரு, இன்னும் மோசமாயிருச்சு. சாமிக்குக் கோவம் அடங்கலைன்னு பயந்து, அவங்கண்ணன் பங்குல வளைச்சுக்கிட்ட மொளகுக்கொடியெல்லாம் திருப்பிக் குடுத்துட்டாரு."

"டாக்டரு என்ன சொன்னாரு?"

"ஆடு, மாடு, பன்னி வேண்டாம், கோழியும் மீனும் திங்கலாம்னாரு. போன உசுரு திரும்பி வந்துச்சுங்க்கா."

"அப்பறமென்ன, கொடியத் திருப்பிக் கேட்டுர வேண்டியதுதானே?"

கண்ணைத் திறக்காமலே கணவர் சொன்னார்: "அது கெடக்கட்டுங்க. எட்டு வருசங் கழிச்சு இப்பத்தான் எங்கண்ணன் எங்கிட்டப் பேசறாரு."