கல்லு விட்ட மூச்சு

நானே இந்தக் கதைய வருஷக்கணக்கா சந்தேகப்பட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் சார், அதனால நீங்க நம்பணும்னு இல்ல... சன்னலத் திறக்காதீங்க, வெளிய இருக்கிறதும் இதே காத்துதான். பஸ்ஸு மலைக் கணவாய் தாண்டுற வரைக்கும் தலை சுத்தத்தான் செய்யும். இந்தாங்க, கோக்கா இலை. ரொம்ப மெல்லாதீங்க, கன்னத்துல அடக்கிக்கங்க. வழியில அந்த ஆட்டுக்கறித் தட்ட நான்தான் சாப்பிடச் சொன்னேன், சரி. அதுக்கு இப்படியா முறைக்கிறது.

இதுக்குப் பேரு சொரோச்சே. கீழ இருக்கிற லிமாக்காரங்க நீங்க அத வெறும் மலையேறுனா வர்ற வியாதின்னு நெனச்சுக்கிட்டு இருக்கீங்க. மொதல்ல அது ஒரு கல்லு சார். எங்க மலைச்சனங்க பேசுற கெச்சுவா பாஷையில, ஈயம் எடுக்கிற கல்லு. அந்தக் காலத்துல மலையேறுனவன் எல்லாம் சுருண்டு விழுந்தான். பூமிக்குள்ள கிடக்கிற அந்தக் கல்லு மூச்சு விடுது, அதான் விழுறான்னு சொல்லிட்டாங்க. கல்லோட பேரு வியாதிக்கு ஒட்டிக்கிச்சு. உசரத்துல காத்து கம்மிங்கிறது அப்புறம்தான் தெரிஞ்சுது. பேர மட்டும் யாரும் கல்லுக்கிட்ட திருப்பிக் குடுக்கல.

நான் வாத்தியார். ஞாயித்துக்கிழமை ரேடியோவுல சொல்லுக்கெல்லாம் பூர்வீகம் சொல்றவன். தக்காளி, சாக்லேட், சூறாவளி, எல்லாம் சொல்லியாச்சு. இத மட்டும் சொல்லல. கடுதாசி போடுறாங்க, திட்டுறாங்க... சொல்லல.

ஏன்னா, எங்கப்பா சுரங்கத்துக்குள்ள செத்தப்ப ஹிலாரியோ மாமா, அம்மாவோட தம்பி, வாசல்ல வந்து நின்னு சொன்னாரு: "கல்லு மூச்சு விட்டுருச்சுக்கா. மச்சானுக்கு சொரோச்சே." கம்பெனியும் அதையேதான் சொல்லுச்சு. விபத்து இல்லயாம், வியாதியாம். அதோட முடிஞ்சுது. மறு மாசமே மாமா மேஸ்திரி ஆயிட்டாரு.

நீங்க கடலோரத்து ஆளு, உங்களுக்கு வருது, நியாயம். என்னைப் பாருங்க. மலை மேல பொறந்தவன், கெளம்புனதுலேருந்து வாய் மூடல, ஏதாவது ஆச்சா? எங்க ஊர்க்காரன் எவனுக்கும் ஆவாது... என்ன, வருதா? இருங்க, இருங்க, என் தொப்பியில வேணாம் சார். இந்தாங்க பை.

துடைச்சுக்கங்க. போன வாரம் போன்லயே மாமாகிட்ட கேட்டுட்டேன். போன வெச்சுட்டாரு. அதான் நேர்ல போறேன். பெரிசா ஒண்ணும் கேக்கல சார்.

"மாமா, அப்பாவும் மேல பொறந்தவரு, நீங்களும் மேல பொறந்தவரு. அன்னிக்கு ரெண்டு பேரும் ஒரே குழியிலதானே நின்னீங்க. கல்லு எப்படி ஒருத்தர் மேல மட்டும் மூச்சு விட்டுச்சு?"