போடிமெட்டு ஜீப்பில் ஏறிய எலும்புச் சிமெண்டு

அவைக்கு அழகாய் அமர்ந்திருக்கும் தலைவர், கல்லூரி முதல்வர் சந்திரவல்லி அம்மையார் அவர்களே! ஏலக்காய் மணக்கும் கைகளோடு எதிரே வீற்றிருக்கும் தாய்மார்களே! கொண்டை ஊசி வளைவுகளைக் கொஞ்சிக் கடக்கும் ஜீப்பு ஓட்டுநர் சங்கத்து அண்ணன்மார்களே! மைக்கை மூன்று முறை தட்டிப் பார்த்துவிட்டுப் போன சிலமலைப் பெரியவரே! ஆய்வு மாணவி சுசித்ராவின் அன்பு வணக்கம்.

எலும்புச் சிமெண்டு என்றால் என்ன? ஆற்று மணலா? இல்லை. கருங்கல் ஜல்லியா? இல்லவே இல்லை! தூளையும் திரவத்தையும் குழைத்தால் மாவாகி, சில நிமிடங்களில் இறுகி, செயற்கை மூட்டை எலும்போடு பிடித்துவைக்கும் பொருள் அது. யாரது, வீட்டுத் தளத்துக்கு ஒரு மூட்டை கேட்பது? உட்காருங்கள் அண்ணே!

நடக்க நடக்க அதில் நுண்விரிசல் விழலாம். என் அம்மா அன்னக்கொடியின் இடுப்பு மூட்டில் வைத்த சிமெண்டில் விழுந்தது. ஏலத்தோட்டச் சரிவில் ஓடி ஏறியவர் இன்று கம்பூன்றி நடக்கிறார். அந்த விரிசலை வழிமறிக்க வேண்டாமா? தலைமுடியைவிடப் பல ஆயிரம் மடங்கு மெல்லிய கார்பன் நானோ இழைகளைச் சிமெண்டில் கலந்தேன்.

சோதிக்கும் எந்திரமோ பழுது. மதிப்பீட்டுக் குழு வரவோ இரண்டே மாதம். என்ன செய்தேன்? கலப்பில்லாத துண்டு ஒன்று, நானோ கலந்த துண்டு ஒன்று, இரண்டையும் பலகையில் இறுக்கி, மேலே எடை கட்டி, பால்ராஜ் அண்ணன் ஜீப்பின் பின்னால் மாட்டினேன். போடிமெட்டுச் சாலையின் குலுக்கல் அத்தனையும் வாங்கட்டும் என்று!

மாதம் முடிந்தது. பார்த்தேன், பதறினேன்! இரண்டிலும் ஒரு கீறல் இல்லை. சந்தனப் பொட்டு மட்டும் இருந்தது.

"என்னண்ணே இது?"

"புள்ளையோட படிப்பு ஒடைஞ்சிறக் கூடாதுல்ல ஆத்தா? அதான் கழட்டி, தோட்டத்துக்குப் போற பொம்பளையாளுக ஆளுக்குக் கொஞ்ச நேரம் மடியில வச்சுக் கொண்டாந்தாக."

குலுங்க வேண்டியதைத் தாலாட்டியிருக்கிறீர்கள், தாய்மார்களே! காப்பாற்றியே என் பட்டத்தைக் கவிழ்க்கப் பார்த்தீர்களே! முன்வரிசையில் சிரிக்கும் மொக்கம்மாள் அத்தை மடியில்தான் அது அதிகம் தூங்கியதாம்.

அழுதேன். அத்தை அதட்டினார்: "ஒடையணும்னு மொதல்லயே சொல்றதுக்கென்னடி? ஏப்பா பால்ராசு, பள்ளத்துல விடு!"

விட்டார்! குழி கண்ட இடமெல்லாம் குதித்தது ஜீப்பு! குதித்த இடமெல்லாம் கூவியது கூட்டம்! முதுகு நொந்து முணுமுணுத்தவர் உண்டா? எல்லோரும் முணுமுணுத்தீர்கள்! ஆனால் இறங்கியவர் உண்டா? ஒருவரும் இல்லை! கலப்பில்லாதது பிளந்தது! நானோ கலந்தது நின்றது! பழுது நீங்கிய எந்திரமும் பிறகு அதையே சொன்னது.

கைதட்டலைச் சற்று நிறுத்துங்கள். உடலுக்குத் தீங்கில்லை என்று தெளிய இன்னும் பல ஆண்டுச் சோதனைகள் பாக்கி. அம்மாவுக்கு மறு அறுவை வரும் வாரம். உள்ளே போகப்போவது கலப்பில்லாத பழைய சிமெண்டுதான். அதை அவரிடம் சொன்னேன். அம்மா சொன்னார்: "ஒன்னோடது வர்றப்ப வரட்டும். அதுவரைக்கும் இத நான் பாத்து வச்சுக்கிர்றேன். நீ சோலியப் பாரு."

அண்ணன்மார்களே! அறுவை முடிந்ததும் அம்மாவை எங்கள் ஊர் குரங்கணிக்கு ஜீப்பில்தான் அழைத்து வருவேன். என் சோதனை முடிந்துவிட்டது. இனி ஒரு குழியிலும் விடாதீர்கள்! மெல்ல ஓட்டுங்கள்!

மடி கொடுத்த தாய்மார்களுக்கும், பொறுத்துக் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்!