சேர்ந்து வெளியேறியவர்கள்

தேநீர் நன்றாக இருக்கிறது, ஐயா. போலீஸ் நிலையத்தில் இப்படிக் கிடைக்கும் என்று நினைக்கவில்லை. கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். சதாசிவத்தின் மேல் எனக்குக் கோபம் கிடையாது. வருத்தம்தான்.

மலேசியாவில், ஈப்போவில் ஒரு தவுக்கேயின், அதாவது சீன முதலாளியின், கம்பெனியில் இருவரும் வீடியோ கேம் எழுதிக்கொண்டிருந்தோம். வெளிநாட்டு விளையாட்டைப் பார்த்து அப்படியே நகலெடுப்பதுதான் வேலை. எண்பத்தைந்தில் ஒருநாள் அவன், "எத்தன நாளைக்குத்தான் அடுத்தவன் கேமையே காப்பி அடிக்கிறது மச்சான்? சொந்தமா ஒண்ணு செய்வோம்லா" என்றான். அந்த மாதமே வேலையை விட்டோம்.

அவன் பீடோர் பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட்டில் பிறந்தவன். அதனால் எங்கள் விளையாட்டில் பால்மரம் வெட்டும் பெண் ஒருத்தி வந்தாள். மழை பிடிப்பதற்குள் கோப்பைப் பாலையெல்லாம் அவள் வாளியில் சேர்த்தாக வேண்டும். தன் அம்மாவின் பெயரையே அவளுக்கு வைத்தான், இருளாயி என்று. அருமையான விளையாட்டு. அதில் நான் குறை சொல்ல மாட்டேன்.

பழைய டிவிதான் எங்களுக்குத் திரை. அடிக்கடி மக்கர் செய்யும். ஒருவன் மின்கம்பியைப் பிடித்திருந்தால் மற்றவன் சுவிட்சருகே நிற்பான். கம்பியைப் பிடித்தவன் "போடு" என்று சொன்னால்தான் போட வேண்டும். ஒன்றரை வருடத்தில் ஒருநாளும் அதை மீறியதில்லை.

பிறகு நான் தவுக்கேயைப் போய்ப் பார்த்தேன். ஆமாம், நான்தான். களைத்துப் போயிருந்தேன். விளையாட்டைக் கொண்டுவந்தால் திரும்பச் சேர்த்துக்கொள்வதாக அவர் சொன்னார். சதாசிவத்திடம் விஷயத்தைச் சொன்னேன். கத்துவான் என்று எதிர்பார்த்தேன்.

"நீ போ மச்சான், நான் கோவிச்சுக்க மாட்டேன். இருளாயி மட்டும் வரமாட்டா" என்று சொல்லிவிட்டு டிவியைப் பிரிக்கப் போய்விட்டான்.

எனக்கு நெஞ்சே வெடித்துவிட்டது. நீங்களே யோசியுங்கள். சேர்ந்து வெளியேறியவர்கள் சேர்ந்துதானே திரும்ப வேண்டும்? என்னைத் தனியாகப் போகச் சொல்ல அவனுக்கு எப்படி மனம் வந்தது? அப்படி ஒரு துரோகத்தை எனக்கு யாரும் செய்ததில்லை.

மத்தியான மழையில் சாரலடித்துத் தரை ஈரமாகக் கிடந்தது. அவன் செருப்பில்லாமல் குந்தி, கம்பியை விரலால் முறுக்கிக்கொண்டிருந்தான். போடு என்று சொல்லவில்லை. நான் போட்டேன். அவன் அசைவு நிற்கும்வரை சுவிட்சில் கையை வைத்தபடி நின்றேன்.

விபத்து என்று எல்லோரும் நம்பினார்கள். அடக்கத்தன்று அவன் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டு, "எம்புள்ளைக்கு ஒன்ன விட்டா யாருப்பா இருந்தா?" என்று அழுதார். நானும் அழுதேன். அது நடிப்பில்லை.

தவுக்கே விளையாட்டை வாங்கிக்கொண்டு, திரையில் யார் யார் பெயரைப் போடுவது என்று கேட்டார். என் பெயர் மட்டும் போதும் என்றேன். பாதியில் விட்டுவிட்டுப் போனவன் பெயரை எப்படி ஐயா போடுவது?